புதிய கேம்ஷாஃப்டுக்கு எந்த ஸ்பிரிங்?

கேள்வி: என் ஃபோர்டு எஸ்கார்ட் காரின் 1.6 கெண்ட் என்ஜினுக்கு அதிக லிஃப்ட் (வால்வைத் திறக்கும் உயரம்) கொண்ட கேம்ஷாஃப்டும், அதன் மேடுகள் தள்ளும் புதிய டாப்பெட்டுகளும் வாங்கியிருக்கிறேன். விற்றவர் இரட்டை வால்வு ஸ்பிரிங் போடச் சொல்கிறார். பட்டறைக்காரரோ, ரன்னிங்-இன் (புதிய பாகங்கள் படியும்வரை ஓட்டும் தொடக்க ஓட்டம்) முடியும்வரை பழைய ஒற்றை ஸ்பிரிங்கே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: தொடக்கத்தில் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் பட்டறைக்காரர் சொல்வது சரி, ஆனால் அதற்குப் பழைய ஸ்பிரிங்கை நம்புவது சரியல்ல. குறைந்த லிஃப்டுக்காகச் செய்யப்பட்ட அந்த ஸ்பிரிங், புதிய கேம் வால்வை முழுவதும் திறக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி இறுகிவிடலாம். அப்படி நேர்ந்தால் டாப்பெட்டின் அசைவை மேலே கொண்டுசெல்லும் புஷ்ராட் வளையும், கேமின் மேடும் கெடும். எனவே கேமுக்கு உரிய இரட்டை ஸ்பிரிங்கையே வாங்குங்கள். முதல் ஓட்டத்திற்கு மட்டும் உள் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, வெளி ஸ்பிரிங்கை மட்டும் பொருத்துங்கள். உள் ஸ்பிரிங் இல்லாதபோதும் வெளி ஸ்பிரிங் ரிடெய்னரில் (ஸ்பிரிங்கை மேலே பிடிக்கும் மூடி) நகராமல் உட்காருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கான காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். வால்வு மூடியிருக்கும்போது 60 பவுண்டு அழுத்தமும், அங்குலத்துக்கு 200 பவுண்டு விறைப்பும் உள்ள ஒரு ஸ்பிரிங் ஜோடியை எடுத்துக்கொள்வோம். வால்வு 0.36 அங்குலம் திறந்தால் அழுத்தம் 132 பவுண்டு ஆகும். உங்கள் என்ஜினின் ராக்கர் விகிதம் (கேம் உயர்த்துவதைப்போல் வால்வு எத்தனை மடங்கு நகர்கிறது என்பது) சுமார் 1.5 என்பதால், கேம் மேட்டின் உச்சியில் விழும் சுமை ஏறத்தாழ 198 பவுண்டு. வெளி ஸ்பிரிங் மட்டும், 40 பவுண்டு அழுத்தமும் 130 பவுண்டு விறைப்பும் கொண்டதாக இருந்தால், அதே உச்சியில் விழுவது சுமார் 130 பவுண்டுதான். டாப்பெட்டின் அடிப்பரப்பும் கேமின் மேடும் இன்னும் ஒன்றுக்கொன்று படியாத அந்த முதல் நிமிடங்களில் இது பெரிய வேறுபாடு.

இரட்டை ஸ்பிரிங்கோடு ஒருமுறை தற்காலிகமாகப் பூட்டி, முழு லிஃப்டில் சுருள்களுக்கிடையே மொத்தம் குறைந்தது 1.5 மில்லிமீட்டர் மிஞ்சுகிறதா, ரிடெய்னர் வால்வு சீலைத் தொடாமல் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். ஸ்பிரிங்கின் பொருத்து உயரம் கேமுடன் வந்த விவர அட்டையில் உள்ளதைவிடக் கூடுதலாக இருந்தால் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைத்துச் சரிசெய்யலாம்.

இனி என்ஜினை முதன்முறை இயக்குவது. கேமிலும் டாப்பெட்டுகளின் அடியிலும் மாலிப்டினம் பசையைத் தாராளமாகப் பூசுங்கள். துத்தநாகச் சேர்மானம் போதுமான அளவு உள்ள மினரல் எண்ணெயை ஊற்றுங்கள். இன்றைய கார்களுக்கான பல எண்ணெய்களில் அது குறைக்கப்பட்டுள்ளது. கார்புரேட்டரையும் டைமிங்கையும் முன்கூட்டியே சரிசெய்து வையுங்கள். ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுழற்றினால் பூசிய பசை வழிந்துபோகும். என்ஜின் பற்றியதும் ஐட்லிங்கில் விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு உயர்த்தி, 2000க்கும் 2500க்கும் இடையே ஏற்றியிறக்கி, 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐட்லிங்கில் கேமின் மீது தெறிக்கும் எண்ணெய் குறைவு. அதோடு, மேட்டின் உச்சியில் ஸ்பிரிங்கின் சுமை முழுவதும் அழுத்துவதும் குறைந்த வேகத்தில்தான். வேகம் கூடக் கூட வால்வின் சடத்துவம் அந்தச் சுமையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது.

பினாங்கு வெயிலில் நின்ற இடத்தில் ஓடும் கார் விரைவில் சூடேறும் என்பதால், ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய மின்விசிறி ஒன்றை வையுங்கள். வெப்பமானி ஏறினால் நிறுத்தி, ஆறவிட்டு, மீதி நிமிடங்களைத் தொடருங்கள். வரிசை வீடுகள் உள்ள தாமானைவிடப் பட்டறையில் செய்வதே நல்லது. கெண்ட் என்ஜினில் டாப்பெட்டுகள் கீழ்ப்புறத்திலிருந்து பொருத்தப்படுபவை என்பதால், கேம் கெட்டால் என்ஜினையே இறக்கித் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டிவரும். இந்த 20 நிமிடத்தில் அவசரம் காட்டாதீர்கள்.

முடிந்ததும் எண்ணெயை மாற்றி, ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். உள் ஸ்பிரிங்குகளைப் போட ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. இரு வால்வுகளும் மூடிய நிலையில் பிஸ்டன் சற்றுக் கீழே இருக்கும்போது, பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைச் செலுத்தி, பிஸ்டனைக் கையால் மேலே கொண்டுவந்தால் வால்வுகள் உள்ளே விழாது. பிறகு வால்வு இடைவெளியை மீண்டும் சரிபாருங்கள்.