வாசகர் கேள்வி: யெகோவாவின் சாட்சிகள்மீதான குற்றச்சாட்டுகளில் எது நிற்கும், எது நிற்காது?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யெகோவாவின் சாட்சிகளைப் பற்றி ஒரு பட்டியல் சுற்றுகிறது. "தேசவிரோதிகள், மருந்தே எடுக்க மாட்டார்கள், ரத்தம் ஏற்றாமல் பிள்ளைகளைச் சாகவிடுவார்கள், சொந்தக்காரர்களை ஒதுக்கிவைப்பார்கள்." எங்கள் தெருவிலேயே அந்தச் சபையைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. பட்டியலில் எவ்வளவு உண்மை?
வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஒவ்வொரு வரிக்கும் எழுவாய் யார் என்று தேடுங்கள். சபையின் விதியா, விதி போட்ட தலைமையா, உங்கள் தெருக்காரரா? பட்டியல் மூன்றையும் ஒரே "அவர்கள்" ஆக்கிவிடுகிறது.

இந்தச் சபைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நியூயார்க் மாநிலத்தின் வார்விக்கில் இருக்கும் ஆளும் குழு சொல்வதுதான் உலகம் முழுக்கக் கொள்கை. ஊருக்கு ஊர் வேறு வியாக்கியானம் கிடையாது. அதனால் "இது அவர்கள் கொள்கை" என்று சொல்வது இங்கே நியாயமான பேச்சுதான். இந்துக்களைப் பற்றியோ சுன்னி முஸ்லிம்களைப் பற்றியோ அதே வாக்கியத்தைச் சொன்னால் பெரும்பாலும் தப்பாகிவிடும். அங்கே எல்லாருக்குமாக விதி போட ஒரே தலைமை இல்லை.

இனி பட்டியல். ஒதுக்கிவைப்பது: விதி இருக்கிறது, விமர்சிக்கலாம். ரத்தம்: விதி இருக்கிறது, ஆனால் பட்டியல் அதைத் தப்பாகச் சொல்கிறது. தேசவிரோதம்: நிற்காது. மருந்தே எடுக்க மாட்டார்கள் என்பது வெறும் பொய். 1930-களில் அவர்கள் பத்திரிகைகள் தடுப்பூசிக்கு எதிராக எழுதின. 1952-இல் அந்தத் தடை போய்விட்டது. உறுப்பு மாற்று சிகிச்சைக்கு 1967-இல் விழுந்த தடையும் 1980-இல் நீங்கிவிட்டது. இதைப் போன்ற பட்டியல்கள் பழைய கொள்கையை இன்றைய கொள்கையாகக் காட்டுவது வழக்கம். ஆண்டு போடாத குற்றச்சாட்டு வந்தால் முதலில் ஆண்டைக் கேளுங்கள்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு மாணவி தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கிறாள், ஆனால் பாடுவதில்லை. மற்ற பெற்றோர் புகார் செய்கிறார்கள். என்ன செய்வது?
ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: ஒன்றும் செய்ய வேண்டாம். உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்ட் 11-இலேயே செய்துவிட்டது.

கேரளத்தில் மூன்று பிள்ளைகள் 1985 ஜூலையில் இதே காரணத்துக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் கைவிட்டது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வந்தபோது நீதிபதிகள் சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் அமர்வு நீக்கத்தை ரத்து செய்தது. அமர்வு பார்த்த விஷயம் எளிது. கீதத்தைப் பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 3-ஆம் பிரிவில், பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும் பாடும் கூட்டத்தில் இடையூறு செய்பவரையும்தான் தண்டிக்கிறது. மரியாதையாக எழுந்து நின்ற பிள்ளை இரண்டையும் செய்யவில்லை. அரசியல் சாசனத்தின் 19(1)(அ) (பேச்சுரிமை), 25 (மத உரிமை) ஆகிய பிரிவுகள் அவர்களைக் காப்பாற்றின.

புகார் கொடுக்கும் பெற்றோரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எழுந்து நின்றாளா, இல்லையா? நின்றாள் என்றால் தீர்ப்பின் நகலைக் கொடுத்து அனுப்பிவிடலாம். உட்கார்ந்துகொண்டு மற்றவர்களைச் சீண்டினாள் என்றால் அது வேறு விஷயம், அதற்கு மதம் பதில் ஆகாது. இந்தச் சபையார் கொடியையும் கீதத்தையும் வழிபாட்டுக்கு ஒப்பாகப் பார்ப்பதால்தான் விலகி நிற்கிறார்கள். எந்த நாட்டின் கொடிக்கும் இதே கதைதான். வரி கட்டுவதையோ கடமையாகவே போதிக்கிறார்கள்.

கேள்வி: பிரசவ வார்டில் வேலை. "சாட்சி" என்று தெரிந்ததும் சீட்டில் பெரிதாக 'ரத்தம் கூடாது' என்று எழுதிவிடுகிறோம். சரிதானா?
செவிலியர், மதுரை

பதில்: சரியில்லை. பொதுமைப்படுத்தல் உயிரோடு விளையாடுவது இங்கேதான், அதையும் நல்ல எண்ணத்தோடு செய்கிறோம்.

விதி இதுதான். 1945-இல் ரத்தம் ஏற்றுவதைத் தப்பு என்றார்கள். 1961-இல் அது சபைநீக்கத்துக்குரிய குற்றமானது. 2000-இல் கோடு தெளிவானது: முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா கூடாது, அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் சிறு கூறுகள் அவரவர் மனசாட்சிக்கு. அல்புமின் என்ற ரத்தப் புரதம், இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதம், ரத்தம் உறையவைக்கும் காரணிகள் எல்லாம் இரண்டாவது வகை. டயாலிசிஸ், இதய-நுரையீரல் இயந்திரம், அறுவையின்போது வடியும் ரத்தத்தைக் கழுவித் திரும்ப ஏற்றும் செல் சேவர் ஆகியவையும் தனிநபர் முடிவுதான். ஒரே குடும்பத்தில் அக்கா ஒப்புக்கொண்டதைத் தங்கை மறுக்கலாம்.

உங்கள் வார்டில் இது எங்கே இடிக்கும் என்றால், ஆர்எச் நெகட்டிவ் ரத்தவகைத் தாயிடம். ஆன்டி-டி ஊசி ஒரு இம்யூனோகுளோபுலின், மனித பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது. 28-ஆம் வாரத்தில் ஒன்று, ஆர்எச் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. 'ரத்தம் கூடாது' என்ற சீட்டைப் பார்த்துவிட்டு யாரும் கேட்காமலே ஊசியை விட்டுவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் குழந்தையின் சிவப்பணுக்கள் சிதையலாம். அந்தத் தாய் ஊசியை ஏற்றிருக்கவும் கூடும், கேட்டிருந்தால்.

ஆகவே ஒரு தாளில் ஒவ்வொரு பொருளையும் தனி வரியாக எழுதி, எதிரே 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று குறிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். கணவரையும், சபையை நடத்தும் மூப்பர் வந்திருந்தால் அவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேளுங்கள். அந்த ஐந்து பொருள்களை மனமறிந்து ஏற்றுக்கொண்டு வருந்தாதவர் தானே சபையை விட்டுப் போனதாகக் கருதப்படுவார். அதனால் பக்கத்தில் ஆள் இருக்கும்போது வரும் பதிலும் தனியாக வரும் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் பையில் வைத்திருக்கும் மருத்துவ அட்டையை நகல் எடுங்கள், தேதியைப் பாருங்கள். அட்டை பழையது என்றால் மறுபடி கேளுங்கள்.

ரத்தசோகையை மாதங்களுக்கு முன்பே பிடித்து இரும்புச்சத்து மாத்திரை, தேவைப்பட்டால் நரம்பு வழி இரும்பு. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்றால் புட்டியின் சீட்டைப் படியுங்கள், சில தயாரிப்புகளில் அல்புமின் கலந்திருக்கும். பரிசோதனைக்குக் குழந்தைகளுக்கான சிறிய குழாயில் ரத்தம் எடுத்தால் போதும். பிரசவ ரத்தப்போக்கு தொடங்கிவிட்டால் அதைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாக நரம்பு வழியே. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் இதய அறுவை மருத்துவர் டென்டன் கூலியின் குழு இச்சபையாருக்கு ரத்தம் ஏற்றாமல் செய்த 542 இதய, ரத்தக்குழாய் அறுவைகளைப் பற்றி 1977-இல் அறிக்கை தந்தது. ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் இன்றைய மருத்துவ முறைக்கு இந்த நோயாளிகளும் ஒரு காரணம். அதற்காக ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. பிரசவத்தில் கொட்டும் ரத்தத்துக்கு ஈடான மாற்று இன்னும் வரவில்லை. அந்த விதியால் உயிர்கள் போயிருக்கின்றன என்ற விமர்சனம் நியாயமானது.

வயதுவந்தவர் தெளிந்த மனத்தோடு மறுத்தால் அது அவர் உரிமை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோர் மறுத்தால், மருத்துவமனை நிர்வாகம் உடனே நீதிமன்றத்தையும் குழந்தைகள் நலக் குழுவையும் அணுக வேண்டும். வாக்குவாதத்தில் நேரம் போக்கக் கூடாது. பெற்றோர் தாங்கள் தியாகியாகலாம், பிள்ளைகளைத் தியாகியாக்க உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-இல் சொன்னதை உலகெங்கும் இதற்கு மேற்கோள் காட்டுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த வழக்கு ரத்தத்தைப் பற்றியதே அல்ல. இச்சபையைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமி தெருவில் பத்திரிகை விற்றதைப் பற்றியது.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இந்தச் சபையின் 1006 பாதிரியார்கள் குழந்தைகளைச் சீரழித்தார்கள் என்கிறார்களே?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எண் சரி, வாக்கியம் தப்பு. 2015-இல் ஆஸ்திரேலிய அரச விசாரணை ஆணையம் சபையின் கோப்புகளை வரவழைத்துப் பார்த்தது. 1950 முதல் 1006 பேர்மீது குற்றச்சாட்டுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் சபை உறுப்பினர்கள். எல்லாரும் மூப்பர்கள் அல்ல. சொந்த வீட்டுக்குள் நடந்தவையும் அதில் அடக்கம். 1006 என்பது குற்றம் சாட்டப்பட்டவர்களின் எண்ணிக்கை, தண்டனை பெற்றவர்களுடையது அல்ல.

ஆனால் இதை வைத்துச் சபை தப்பித்துக்கொள்ள முடியாது. அந்த 1006 பேரில் ஒருவரைப் பற்றிக்கூடச் சபை தானாகப் போலீசிடம் சொல்லவில்லை என்று ஆணையம் கண்டது. குற்றவாளி ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டு சாட்சி வேண்டும் என்ற வேதாகம விதியை, மறைவில் நடக்கும் குற்றத்துக்கும் பொருத்திப் பார்த்தார்கள். "இந்தச் சபையார் காமுகர்கள்" என்பது அவதூறு. "இந்தச் சபையின் நடைமுறை குற்றவாளிக்கு வசதியாக இருந்தது" என்பது ஆவணம் உள்ள விமர்சனம். இந்தியாவில் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி குற்றம் தெரிந்த எவரும் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. மூப்பர், ஆயர், இமாம், மடாதிபதி யாருக்கும் விலக்கு கிடையாது.

கேள்வி: தங்கை ஞானஸ்நானம் எடுக்கப் போகிறாள். எங்களோடு பேச மாட்டாளோ என்று அம்மா அழுகிறார். நாங்கள் இந்துக்கள்.
வாசகர், சேலம்

பதில்: பேசுவாள். ஒதுக்கிவைப்பது ஞானஸ்நானம் எடுத்துவிட்டுப் பிறகு நீக்கப்பட்டவருக்கும் விலகியவருக்கும்தான். ஒருநாளும் சேராத உங்களுக்கு அல்ல. பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் வராமல் போகலாம், அதற்கு அம்மாவைத் தயார்ப்படுத்துங்கள்.

தங்கையிடம் பேச வேண்டியது வேறு: பின்னால் மனம் மாறினால் என்ன ஆகும்? மூப்பர்கள் குழு விசாரித்து நீக்கினால், இன்னார் இனி யெகோவாவின் சாட்சி அல்ல என்று கூட்டத்தில் அறிவிப்பார்கள். அதோடு சபை நண்பர்கள் பேச்சை நிறுத்துவார்கள். 2024-இல் கொஞ்சம் தளர்த்தி, கூட்டத்துக்கு வந்தால் சுருக்கமாக வரவேற்கலாம் என்றார்கள். சபைக்கு எதிராகப் போதிப்பவருக்கு அதுவும் இல்லை. 18 வயதுக்குள் ஞானஸ்நானம் எடுத்தவருக்கும் இது பொருந்துவதால்தான் நார்வே அரசு மானியத்தை நிறுத்தி, 2022-இல் பதிவையும் ரத்து செய்தது. 2024-இல் ஓஸ்லோ மாவட்ட நீதிமன்றம் அரசு பக்கம் நின்றது. 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சபை பக்கம் நின்றது.

கேள்வி: விலகி வந்தவர்கள் சொல்வதை நம்பலாமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: நடைமுறை பற்றி நம்பலாம், எத்தனை பேர் என்பதற்கு அவர்கள் சாட்சி போதாது. விசாரணை அறையில் என்ன கேட்டார்கள் என்பது உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். "எல்லாரும் பயந்தே வாழ்கிறார்கள்" என்று அதே ஆள் சொன்னால், அது அவர் அனுபவத்தைப் பெருக்கிப் போட்ட கணக்கு. விலகியவர் என்பதாலேயே பொய் என்று சபையார் தள்ளுவதும் அதே தப்புதான்.

கேள்வி: கடுமையாக எழுதினால்தானே திருந்துவார்கள்? பொதுமைப்படுத்தினால் என்ன குடி முழுகிவிடும்?
வாசகர், சென்னை

பதில்: 1940 ஜூன் மாதம் பள்ளிகள் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், ஊர் ஊராக இந்தச் சபையார் தாக்கப்பட்டார்கள். மெய்ன் மாநிலம் கென்னபங்க்கில் அவர்களது வழிபாட்டுக் கூடமான ராஜ்ய மன்றத்துக்குத் தீ வைத்தார்கள். மூன்றே ஆண்டில், 1943 ஜூன் 14-இல், அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது.

2023 அக்டோபர் 29-இல் கேரளத்தின் களமசேரியில் இந்தச் சபையாரின் மாநாட்டில் குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். முதல் சில மணி நேரம் சமூக வலைதளங்களில் பழி முஸ்லிம்கள்மீது விழுந்தது. பிறகு சரணடைந்தவர், தானே முன்பு இந்தச் சபையில் இருந்ததாகவும் அதன் போதனை தேசவிரோதமானது என்பதால் செய்ததாகவும் வீடியோவில் சொல்லியிருந்தார். அந்த அரங்கில் இருந்தவர் யாரும் வார்விக்கில் உட்கார்ந்து விதி எழுதியவர் அல்ல.

கேள்வி: கிறிஸ்தவர்கள் எல்லாருமே ரத்தம் ஏற்ற மாட்டார்களா?
வாசகர், விழுப்புரம்

பதில்: இல்லை. சிஎஸ்ஐ, கத்தோலிக்கம் இரண்டிலும் அப்படி விதி கிடையாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை மறுப்பதால் மற்ற சபைகள் இவர்களைத் தங்களில் சேர்ப்பதும் இல்லை.

கேள்வி: வாரா வாரம் வீட்டுக்கு வருகிறார்கள். சண்டை போடாமல் நிறுத்த வழி?
வாசகி, நாகர்கோவில்

பதில்: "இப்போது நேரமில்லை" என்று சொல்லாதீர்கள், அதைப் பிறகு வரச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். "இந்த வீட்டுக்கு இனி யாரும் வர வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு முறை சொல்லுங்கள். வேண்டாம் என்ற வீடுகளைக் குறித்துவைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. வெயிலில் வந்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டே சொல்லலாம்.