சபைத் தலைமை பற்றிக் கேட்கத் தயங்கும் கேள்விகள்: ஒரு ஓய்வு பெற்ற போதகரின் பதில்கள்

குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று பல சபைகளிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. கேட்டவர்களின் பெயரையும், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டேன். நான் ஓய்வு பெற்ற சிஎஸ்ஐ போதகர். கத்தோலிக்க நண்பர்களுக்குப் பதில் சொல்லும்போது அவர்களுடைய திருச்சபைச் சட்டத்தையே எடுத்துச் சொல்கிறேன்.

கேள்வி (மார்த்தாண்டம், இளைஞர்): ஐயா, எங்கள் பாஸ்டரிடம் கணக்கு கேட்டதற்கு, "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று பிரசங்கத்திலேயே பேசிவிட்டார். கேள்வி கேட்பது பாவமா?

பாவம் இல்லை தம்பி. அந்த வசனம் இருக்கும் 105-ஆம் சங்கீதத்தை முதலிலிருந்து வாசியுங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் சொந்த நாடு இல்லாமல் அலைந்தபோது, அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கடவுள் ராஜாக்களைக் கண்டித்தார் என்றுதான் அங்கே வருகிறது. பலமில்லாதவர்களைக் காக்க அதிகாரத்தில் இருந்தவர்களுக்குச் சொன்ன வார்த்தை அது. இன்று அதிகாரத்தில் இருப்பவர் அதைக் கேடயமாகப் பிடிப்பது வசனத்தைத் தலைகீழாக்குவது.

வேதத்தில் அபிஷேகம் பெற்றவர்களைக் கேள்வி கேட்டவர்கள் நிறையப் பேர். தாவீதின் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்றார் நாத்தான். அந்தியோகியாவில் பேதுருவை பவுல் எல்லார் முன்னிலும் கண்டித்தார். சாமுவேல் வயதான காலத்தில் ஜனங்கள் முன் தானே வந்து நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டார். கணக்கு கேட்கும் வரை அவர் காத்திருக்கவில்லை.

ஆனால் கேட்கும் முறை முக்கியம். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். அங்கே கேட்டால் உங்கள் தொனிதான் பேச்சாகும், கணக்கு மறந்துபோகும். எந்த ஆண்டு, எந்த நிதி என்று குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதி, இரண்டு மூன்று உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு நேரில் கொடுங்கள். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள்.

கேள்வி (கருங்கல், சபைப் பொருளாளர்): ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் எடுத்ததில் நிறையப் பேர் பாக்கி. கட்டட நிதிக்குத் தனிக் கணக்கும் இல்லை. காசோலையில் ஒரே கையெழுத்துதான். எங்கே தொடங்குவது?

காசோலையில் தொடங்குங்கள். இரண்டு கையெழுத்து கட்டாயம் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டு வங்கிக்குக் கொடுங்கள். அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பத்தில் இருக்கக் கூடாது. காணிக்கையை ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே இரண்டு மூன்று பேர் சேர்ந்து எண்ணி, நோட்டில் எழுதி ஒப்பமிட வேண்டும். பையை வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணும் வழக்கம், கொண்டுபோகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்கே ஆபத்து. நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் தன்னை நிரூபிக்க அவரிடம் ஒன்றும் இருக்காது.

கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். கூரைக்கென்று வாங்கிய பணத்தை வேறு செலவுக்கு எடுப்பது, திருப்பி வைக்கும் எண்ணத்தோடு எடுத்தாலும், கொடுத்தவரிடம் சொன்ன வார்த்தையை மீறுவதுதான். ஏல பாக்கியைப் பொறுத்தவரை, ஆராதனையில் பெயர் வாசித்து மானத்தை வாங்க வேண்டாம். தேங்காய்க் குலையை ஆவேசத்தில் பத்து மடங்கு விலைக்கு ஏற்றிவிட்டு மறுநாள் விழிக்கிறவர்கள் உண்டு. தவணை கொடுங்கள்; முடியாதவருக்குக் கமிட்டியே தள்ளுபடி செய்து அதையும் கணக்கில் எழுதட்டும்.

எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோக பவுல் தனியாகப் போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அழைத்துக்கொண்டார். யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8).

கேள்வி (குளச்சல் பக்கம், மறைக்கல்வி ஆசிரியை): வகுப்பில் ஒரு பிள்ளை, கோயில் சம்பந்தப்பட்ட ஒருவர் தவறாகத் தொட்டதாக என்னிடம் சொன்னாள். பெரியவர்களிடம் போனேன். "ஊர் மானம் போய்விடும், நாங்களே பேசி முடிக்கிறோம்" என்கிறார்கள். ஒப்புரவு அருட்சாதன (பாவசங்கீர்த்தன) ரகசியம் என்றும் பேச்சு வருகிறது.

சகோதரி, இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். 1098 சிறுவர் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் கொடுங்கள். நீங்கள் விசாரிக்கத் தேவையில்லை, நிரூபிக்கவும் தேவையில்லை. பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு எழுதி வையுங்கள். அவள் பெயர் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, இப்படி ஒன்று நடந்ததாக அறிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் உள்ளவரைப் பற்றி மறைத்தால் ஒரு வருடம் வரை. பேசி முடிக்க ஊர்க் கமிட்டிக்கோ பங்குப் பேரவைக்கோ எங்கள் சிஎஸ்ஐ சேகரக் (போதகரின் பொறுப்புப் பகுதி) கமிட்டிக்கோ அதிகாரம் கிடையாது. பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். காவல் நிலைய வாசலில் பிள்ளையை நிறுத்த வேண்டியிருக்குமோ என்ற பயத்திலேயே பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள்.

அருட்சாதன ரகசியம் குருவானவரைக் கட்டுவது. கத்தோலிக்கச் சட்டம் 983-ஆம் எண் அதைச் சொல்கிறது. அந்தப் பிள்ளை உங்களிடம் வகுப்பில் சொன்னாள். அது பாவசங்கீர்த்தனம் அல்ல, உங்களை அது கட்டாது. குருவானவரும் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே கேட்டறிந்ததற்கு அந்த ரகசியத்தைக் காட்ட முடியாது. குற்றம் செய்தவர் குருவானவராக இருந்தால், அதை அறிந்த குருக்களும் துறவியரும் திருச்சபைக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று போப் பிரான்சிஸ் 2019-இல் விதி கொண்டுவந்தார். அது காவல்துறைக்குப் போவதற்குப் பதிலாக அல்ல, அதோடு கூட.

இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் மூப்பர் மேல் புகாரை ஏற்காதே என்ற வசனத்தையும் (1 தீமோத்தேயு 5:19) உங்கள் முன் நீட்டுவார்கள். அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்: பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்கச் சொல்கிறது. உபாகமம் 22-இல், வயல்வெளியில் பலவந்தப்படுத்தப்பட்ட பெண்ணிடம் மோசே சாட்சி கேட்கவில்லை. அவள் கூப்பிட்டிருப்பாள், காப்பாற்ற அங்கே ஆள் இல்லை என்று அவள் பக்கம் நிற்கிறது நியாயப்பிரமாணம். மூடிய அறையில் நடப்பதற்கு இரண்டு சாட்சி கேட்பது கொடுமை.

ஊர் மானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தப் பிள்ளை அடுத்த ஞாயிறு அதே கோயிலுக்குள் எப்படி வருவாள் என்று ஒரு நிமிடமாவது யோசித்தார்களா?

கேள்வி (தக்கலை, சபை அலுவலக ஊழியர்): நான் சிறுமி அல்ல, முப்பது வயதுக்காரி. மேலதிகாரியான ஊழியக்காரர் தொல்லை கொடுக்கிறார். இருவரும் சம்மதித்துப் பழகியதாகக் கதை கட்டுகிறார்கள்.

சம்பளமும் இடமாற்றமும் ஒருவர் கையில் இருக்கும்போது "இருவரும் சம்மதித்து" என்பதை நான் எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டேன். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லையென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள்.

கேள்வி (அதே ஊர், ஒரு மூப்பர்): தவறிய ஊழியர் மனந்திரும்பி அழுதால் மறுபடி பிரசங்க பீடம் கொடுக்கலாமா? மன்னிப்பு நம் போதனை அல்லவா?

மன்னிப்பு வேறு, பதவி வேறு. மன்னிக்கப்பட்டவருக்குத் திருவிருந்தில் இடம் உண்டு. பீடத்தில் ஏறுவது யாருடைய உரிமையும் இல்லை. சபையின் நம்பிக்கை தரும் பொறுப்பு அது. காயப்பட்டவர் எதிரே உட்கார்ந்திருக்க, ஆறு மாதத்தில் அவரை மேடையேற்றினால், அந்தப் பெண்ணை நாம் வெளியே அனுப்புகிறோம். சொல்லாமல் கொள்ளாமல் வேறு சேகரத்துக்கு மாற்றுவது அதைவிட மோசம். அந்த ஊர்க்காரர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கேள்வி (மயிலாடி பக்கம், உறுப்பினர்): தேர்தலில் சாதி பார்த்துத்தான் ஓட்டு. இதை வெளிப்படையாகப் பேசினால் என்னைப் பிரிவினைக்காரன் என்கிறார்கள்.

எந்த மண்ணில் இருந்து கேட்கிறீர்கள் பாருங்கள்! 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே உங்கள் ஊருக்கு வந்தார். அவரை அழைத்து வந்தவர் மயிலாடி வேதமாணிக்கம். 1816-இல் ரிங்கல்தௌபே புறப்பட்டபோது சபைகளின் பொறுப்பை ஒப்படைத்தது ஒரு வெள்ளைக்காரரிடமோ, அன்று உயர்ந்த சாதி என்று மதிக்கப்பட்டவரிடமோ அல்ல. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்த அந்த வேதமாணிக்கத்திடம்தான். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வரும்வரை அவர்தான் தாங்கினார். இங்கே சீர்திருத்த சபையின் தலைமை அப்படித் தொடங்கியது. இன்று வேட்பாளரின் பெயருக்கு முன் சாதியைக் கேட்கிறோம் என்றால், வருத்தத்தோடு சொல்கிறேன், பிரிவினைக்காரர் நீங்கள் இல்லை. அடுத்த சபைக்கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வி: நம் கமிட்டியில் எந்தக் குடும்பங்களிலிருந்து இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை? பதிவேட்டைத் திறந்து பாருங்கள், பதில் அதிலேயே இருக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): ஆலய நிலம் பாஸ்டர் பெயரிலேயே இருக்கிறது. பிரச்சினையா?

ஆம். அவர் காலமானால் அது வாரிசுகளின் சொத்து. அறக்கட்டளையோ சங்கமோ பதிவு செய்து, அவர் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே அதன் பெயருக்கு மாற்றுங்கள். அறங்காவலர்களில் பாதிப் பேராவது அவர் குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி (ஒரு போதகரின் மனைவி): என் கணவர் ஒரு வருடமாகத் தூங்குவதில்லை. பீடத்தில் சிரிக்கிறார், வீட்டில் பேசுவதில்லை. வெளியே சொன்னால் விசுவாசம் இல்லை என்பார்கள்.

அம்மா, எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகக் கேட்டபோது தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். உங்கள் கணவருக்கு மருத்துவர் தேவை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். பெயர் தெரிந்த ஊரில் டாக்டரிடம் போகக் கூச்சமென்றால் முதலில் அதில் பேசுங்கள், நீங்களே கூடப் பேசலாம். சாக வேண்டும் என்பதுபோல் ஒரு வார்த்தை அவர் வாயில் வந்தாலும் அவரைத் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பேராயத்துக்கு மருத்துவ விடுப்பு என்று எழுதினால் போதும், என்ன நோய் என்று சபைக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சேகரச் செயலரிடம் நீங்களே கேளுங்கள். உங்கள் கணவர் தானாகக் கேட்க மாட்டார்.