பயிலரங்கில் நன்றாக வரும் படம் வீட்டில் கலங்குவது ஏன்?

இரண்டு புகைப்படப் பயிலரங்குகளுக்குப் போயும், வீட்டுக்குள் குழந்தையை எடுத்தால் படம் கலங்கலாகவே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கையில் குறையில்லை, கவலைப்படாதீர்கள். பயிலரங்கில் விளக்கை ஏற்கெனவே அமைத்துவைத்திருப்பார்கள், மாடலும் அசையாமல் நிற்பார். வீட்டில் இரண்டும் கிடையாது.

நீங்கள் சொன்ன 1/30 நொடி ஷட்டர் வேகம் (கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) ஓடும் குழந்தைக்குப் போதவே போதாது. 1/250-இல் தொடங்குங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தெரியட்டும், கலங்கிய முகத்தைவிட அது எவ்வளவோ மேல். எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது) இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது, எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம், குறையும், கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.

அப்புறம், மூன்றாவது பயிலரங்குக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். ஒரே ஜன்னல், ஒரே லென்ஸ், 30 நாள். காலையிலும் மாலையிலும் அந்த ஜன்னலருகே குழந்தையை மட்டும் எடுங்கள். என் கண்ணுக்கு வெளிச்சம் பிடிபட்டதே இப்படி ஒரு மாதத்தில்தான். கெட்டுப்போன படங்களை அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த பயிலரங்கில் அவற்றைக் காட்டிக் கேளுங்கள், உங்களுக்கு வேண்டிய பதில் அப்போது கிடைக்கும்.