ஒரே கேட்டுக்குள் இரண்டு கட்டணம் ஏன்?

கேள்வி: நான் குமரி மாவட்டம் அருமனை பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் கேட்டோம். “அது செல்ஃப் பைனான்ஸ், வருடம் முப்பதாயிரம். கணிதம் என்றால் எய்டட், கட்டணம் ரொம்பக் குறைவு” என்றார்கள். ஒரே கல்லூரிக்குள் ஏன் இப்படி? கல்விக்கு இத்தனை கோடி ஒதுக்குகிறார்களே, அந்தப் பணம் எங்கே போகிறது? குழு லோன் எடுத்துக் கட்டிவிடலாமா?

பதில்: அம்மா, குழு லோன் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் தவணை உடனே தொடங்கிவிடும். பிள்ளை சம்பாதிக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அண்டி ஆபீசில் வேலை இல்லாத வாரத்திலும், மழையில் பால்வெட்டு நின்ற மாதத்திலும் தவணைக்காரர் வாசலுக்கு வருவார்.

சரி, கட்டணத்துக்கு வருவோம். நான் கல்லூரி அலுவலகத்தில் பல வருடம் கணக்குப் பார்த்தவன். அட்மிஷன் நாட்களில் உங்கள் கேள்வியைக் கேட்காத பெற்றோர் குறைவு. ‘எய்டட் கல்லூரி’ என்று நாம் சொன்னாலும், அரசின் மானியம் கல்லூரி முழுவதற்கும் வருவதில்லை. அரசு அனுமதித்த பணியிடங்களுக்குத்தான் வருகிறது. கணிதத் துறைக்கு இத்தனை ஆசிரியர் என்று ஒரு காலத்தில் அரசு ஒப்புக்கொண்டது. அவர்களின் சம்பளம் கஜானாவிலிருந்து வருவதால் உங்களிடம் சிறு தொகைதான் வாங்குகிறார்கள். கணினி அறிவியல் போன்ற பாடங்கள் பெரும்பாலும் பிறகு வந்தவை. அவற்றுக்கு அப்படிப் பணியிடம் கிடைக்கவில்லை. ஆசிரியர் சம்பளம், கம்ப்யூட்டர், கரண்ட் பில் எல்லாம் பிள்ளைகள் கட்டும் பணத்திலிருந்துதான். செல்ஃப் பைனான்ஸ், அதாவது சுயநிதி என்பது இதுதான்.

அரசு ஏன் புதிய பணியிடம் கொடுக்கத் தயங்குகிறது? ஒரு ஆசிரியரை மானியத்தில் எடுத்தால் முப்பது வருடத்துக்கு அந்தச் சம்பளம் அரசின் பொறுப்பு. அதனால் நிதித்துறை கையை இறுக்கிக்கொள்கிறது.

நம் மாவட்டத்தில் இது கூடுதலாக வலிக்கும். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-இல் கல்லூரியானது. தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952-இலும், மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி 1964-இலும் தொடங்கின. எல்லாமே மிஷன்களும் அறக்கட்டளைகளும் சமுதாய அமைப்புகளும் கட்டியவை. நாகர்கோவில் கோணத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி வந்தது மிகவும் பிந்தித்தான். ஆக, குமரியின் ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியில் அரசுப் பணம் பெரும்பாலும் இந்த எய்டட் பணியிடங்கள் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

இனி கோடிக் கணக்கு. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய், உயர்கல்விக்கு 8,494 கோடி. பழைய கடன்களுக்கான வட்டி மட்டும் ஏறக்குறைய 70,000 கோடி. பள்ளிக்கு அதிகம் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் மகள் பிளஸ் டூ வரை வந்தது அந்தப் பணத்தில்தான். நாட்டு வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று, கல்வியை ஆராய மத்திய அரசு அமைத்த கோத்தாரி கமிஷன் 1966-இல் சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதையே திரும்பச் சொன்னது. இன்னும் அந்த இடத்துக்கு நாம் வந்து சேரவில்லை.

சமீப வருடங்களில் மாணவர் கையிலேயே பணம் கொடுக்கும் திட்டங்கள் வந்திருக்கின்றன. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் உங்கள் மகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். வருமான வரம்பு கிடையாது. எய்டட் பாடமோ சுயநிதிப் பாடமோ, இரண்டுக்கும் உண்டு. கணிதத்தில் சேர்ந்தால் அந்த 12,000 ரூபாயில் கட்டணம் போக சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் மிஞ்சும். கணினி அறிவியலில் சேர்ந்தால் அதற்குமேல் வருடம் 18,000 உங்கள் கையிலிருந்து போக வேண்டும். மாணவருக்குப் பணம் கொடுப்பது நல்ல காரியம், அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் புதிய பாடங்களுக்கு மானியப் பணியிடம் கொடுக்காமல் அதை மட்டும் செய்தால் உங்களைப் போன்ற வீடுகளில் இந்த 18,000 இடைவெளி அப்படியே நிற்கும். சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது இதைத்தான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கோணம் அரசுக் கல்லூரிக்கும் விண்ணப்பியுங்கள். அங்கே கற்பிப்புக் கட்டணம் கிடையாது. பயண நேரம் அதிகம்தான், ஆனால் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முதல் பட்டியலில் பெயர் வராவிட்டால் விட்டுவிடாதீர்கள். பொறியியல், நர்சிங் இடம் கிடைத்ததும் பல பிள்ளைகள் மாறிப் போவார்கள், அப்போது இடம் காலியாகும்.

கணிதம் அவளுக்குப் பிடிக்குமா என்று அவளிடமே கேளுங்கள். பிடிக்கும் என்றால் தயங்காமல் எய்டட் இடத்தில் சேருங்கள், பி.எஸ்சி. கணிதம் முடித்து, கணினி மேற்படிப்பான எம்.சி.ஏ. போகும் வழி திறந்தே இருக்கிறது. பிடிக்காது என்றால் கட்டணத்துக்காகத் தள்ளாதீர்கள். கணிதத்தில் அரியர் விழுந்து பாதியில் நின்ற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுயநிதியில்தான் சேர்வது என்றானால், மூன்று வருடத்துக்கும் மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். சாதிவாரி உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம், கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம். நல்ல மார்க் என்பதால் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், பட்டப்படிப்புக்கு வருடம் 12,000. ஆனால் வேறு உதவித்தொகை வாங்குபவருக்கு அது கிடைக்காது என்ற நிபந்தனை இருக்கிறது. எதை எடுப்பது என்று கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். முதல் பட்டதாரிச் சலுகையை நம்பி வராதீர்கள். அது முக்கியமாகப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கானது.

அப்புறமும் பணம் போதாவிட்டால் வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை அடமானம் வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டச் சொல்ல மாட்டார்கள்.

இந்த வாரமே வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் கொடுத்துவிடுங்கள். மகள் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கி அதில் ஆதாரை இணைத்துவிடுங்கள். புதுமைப் பெண் பணம் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.