பத்திரம் வைக்கும் முன் கேட்க வேண்டியவை: வெளிநாட்டு மேற்படிப்பு குறித்த வாசகர் கேள்விகள்

மகள் பி.இ. கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறாள். அமெரிக்காவில் எம்.எஸ். சேர்வதற்கு எட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை ஒரு கன்சல்டன்சி தந்திருக்கிறது. 40 லட்சம் ரூபாய் கடன் வாங்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரே வீடு. அதன் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா?
— ஒரு தந்தை, கரூர்

ஐயா, பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், இந்தப் படிப்புக்கு யார் பணம் கட்டப் போகிறார்கள் என்பதை முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ். என்பது பெரும்பாலும் மாணவர் தம் செலவில் படிக்கும் படிப்பு. பி.எச்.டி. அப்படியன்று. அறிவியல், பொறியியல் துறைகளில் பி.எச்.டி.க்குச் சேர்க்கப்படுபவருக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாவதோடு, வகுப்பெடுக்கவோ ஆய்வகத்தில் பணியாற்றவோ மாத உதவித்தொகையும் கிடைப்பது வழக்கம். நான்காண்டு இளநிலைப் பட்டம் முடித்தவர் நேரடியாகப் பி.எச்.டி.க்கே விண்ணப்பிக்கலாம் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் மகளுக்கு ஆய்வில் நாட்டம் உண்டா என்பதை அவரிடமே கேளுங்கள். இல்லையென்றால் கட்டணச் சலுகைக்காக மட்டும் ஐந்தாறு ஆண்டுகளை அதில் கழிக்கச் சொல்ல மாட்டேன்.

இனிக் கடனைப் பார்ப்போம். 40 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 4.2 லட்சம் வட்டி சேரும். இரண்டாண்டுப் படிப்பும் அதன் பிறகு ஆறு மாத அவகாசமும் முடியும்போது வட்டி மட்டுமே ஏறக்குறைய 10.5 லட்சம் ஆகியிருக்கும். கடனைத் தவணை தவணையாக வாங்கினால் சற்றுக் குறையலாம். அசலும் வட்டியுமாக 50.5 லட்சத்தைப் பத்தாண்டுகளில் அடைக்க, மாதத் தவணை 68,000 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். அமெரிக்கச் சம்பளத்தில் இது பெரிய தொகையில்லை. உள்ளூர்ச் சம்பளத்தில் அடைக்க நேர்ந்தால் குடும்பமே திணறிப்போகும். எனவே கடன் வாங்கலாமா என்ற கேள்விக்கான பதில், அங்கே வேலை கிடைக்குமா என்பதைவிட, கிடைக்காமல் திரும்ப நேர்ந்தால் அடைக்க முடியுமா என்பதில்தான் இருக்கிறது.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் படித்து முடிப்பவர் தம் துறையில் 12 மாதம் வேலை பார்க்கலாம். கணினி, பொறியியல் போன்ற படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. அதற்குப் பிறகு எச்-1பி என்னும் வேலை விசா வேண்டும். அதன் ஆண்டு வரம்பு, அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கான 20,000 இடங்களையும் சேர்த்து 85,000 மட்டுமே. விண்ணப்பங்கள் அதைவிடப் பல மடங்கு வருகின்றன. கன்சல்டன்சிக்காரர் இந்தக் கணக்கைச் சொன்னாரா?

அந்தப் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குப் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருகின்றன. அதில் தவறொன்றும் இல்லை; ஆனால் கமிஷன் தராத பல்கலைக்கழகம் எத்தனை நல்லதாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் இடம்பெறாமல் போகலாம். 'எட்டில் எத்தனையிடமிருந்து உங்களுக்குப் பணம் வருகிறது?' என்று கன்சல்டன்சிக்காரரிடம் நேராகவே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

என் கருத்தைக் கேட்டால், ஒரே வீட்டை வைத்து 40 லட்சம் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட் தேர்வெழுதி ஐ.ஐ.டி.யிலோ என்.ஐ.டி.யிலோ எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். அங்கே ஒழுங்காக ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டு வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால், இதே மகளை அப்போது பல்கலைக்கழகமே தன் செலவில் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். இரண்டாண்டு தாமதம் இந்த வயதில் ஒரு பொருட்டே அல்ல.

எனக்கு சி.ஜி.பி.ஏ. 7.8. இரண்டாம் ஆண்டில் இரண்டு அரியர் வைத்து, பின்பு எழுதித் தேறிவிட்டேன். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்களே, எனக்கு இடம் கிடைக்குமா?
— இயந்திரப் பொறியியல் மாணவர், விருதுநகர்

அங்கே மதிப்பெண் தலைகீழாக நடக்கிறது. 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சிக்கான எல்லை. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்றும் முறை எளியது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, தேர்ச்சி எல்லை 5 என்று கொண்டால், 2.2ஐ 5ஆல் வகுக்க 0.44, மூன்றால் பெருக்க 1.32, ஒன்றைக் கூட்ட 2.32. பல முதுநிலைப் படிப்புகள் 2.5 அல்லது அதைவிடச் சிறந்த மதிப்பெண்ணைக் கேட்கின்றன. நீங்கள் அந்த வரம்புக்குள் இருக்கிறீர்கள். தேறிவிட்ட இரண்டு அரியருக்காக உறக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் அதை மறைக்க முயலாதீர்கள், மதிப்பெண் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும்.

ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மதிப்பெண்ணைவிடப் பாடத்திட்டத்தையே உற்றுப் பார்க்கின்றன. கணிதத்தில் இத்தனை, இயக்கவியலில் இத்தனை, வெப்ப இயக்கவியலில் இத்தனை என்று ஐரோப்பியக் கிரெடிட் அளவில் குறைந்தபட்சத் தகுதியை வகுத்திருப்பார்கள். அங்கே ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட். உங்கள் நான்காண்டுப் படிப்பு முழுவதற்கும் 160 கிரெடிட் என்றால், அதை 240 ஐரோப்பியக் கிரெடிட்டுக்கு ஈடாக வைத்து, நம் நான்கு கிரெடிட் பாடம் ஒன்றை ஆறாகக் கணக்கிடலாம். இது தோராயம்தான்; இறுதி முடிவு அந்தத் துறையுடையது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விண்ணப்பிப்பவர்கள், பாடம் பொருந்தவில்லை என்ற ஒரு வரிப் பதிலைப் பெற்றுத் திகைக்கிறார்கள். உங்கள் ரெகுலேஷன் பாடத்திட்டப் புத்தகத்தின் முழுப் பிரதியை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடத்தில் எந்த அலகு நடத்தப்பட்டது என்பதுவரை கேட்கும் துறைகள் உண்டு.

'இலவசம்' என்பது பாதி உண்மை. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டுமே. ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பர்க் ஆகிய ஊர்கள் அடங்கிய பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், 2017-18 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து அவர்களுக்கு முதுநிலைப் படிப்புகளில் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கட்டணம் விதித்திருக்கிறது. இவை தவிர, ஓராண்டு வாழ்க்கைச் செலவை 'பிளாக்டு அக்கவுண்ட்' என்னும் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. அது உங்கள் பணம்தான். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே வந்துசேரும்.

2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களின் விசா விண்ணப்பத்துக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயமாகிவிட்டது. உங்கள் பட்டமும் மதிப்பெண் பட்டியல்களும் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரப்படும் சான்று அது. வரிசை நீளும் காலங்களில் தாமதமாகும் என்பதால் எல்லாவற்றுக்கும் முதலில் இதற்கு விண்ணப்பியுங்கள். ஜெர்மன் மொழியை பி-1 என்னும் இடைநிலைவரையாவது இங்கேயே படித்துவிட்டுப் போங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், பகுதிநேர வேலையும் வாடகை வீடும் ஆங்கிலத்தில் எளிதாக அமைவதில்லை.

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டேன். பி.எச்.டி.க்காக 60 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டே பதில்கள் வந்தன, இரண்டும் மறுப்பு. கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன்.
— மாணவி, மதுரை

நகலைப் படித்தேன். பள்ளியில் வாங்கிய முதலிடத்தில் தொடங்கி, பேச்சுப் போட்டிப் பரிசு வழியாக, நான்காம் பத்தியில்தான் உங்கள் ஆய்வு வருகிறது. 'தங்கள் முன்னோடியான பணிகளால் பெரிதும் ஈர்க்கப்பட்டேன்' என்ற வரியில் அந்தப் பணி எது என்று இல்லை. 60 பேருக்கும் அதே வரி என்பது பெறுபவருக்கு நொடியில் புரிந்துவிடும்.

இத்தனைக்கும் உங்களிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது. தெளிப்பு முறையில் துத்தநாக ஆக்சைடு மென்படலம் படியவைத்து, அடித்தள வெப்பநிலையை மாற்றி மாற்றி அதன் ஒளி ஊடுருவலை அளந்திருக்கிறீர்கள். 400 டிகிரிக்கு மேல் முடிவுகள் சீராக வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீரின்மைதான் முதல் வரியில் இருக்க வேண்டும். 'இதைச் செய்தேன், இந்த இடத்தில் இப்படி மாட்டிக்கொண்டேன், தங்கள் இந்தக் கட்டுரையில் இதே சிக்கலை வேறு வழியில் கையாண்டிருப்பதைப் படித்தேன், தங்கள் குழுவில் வரும் ஆண்டில் இடம் உண்டா' என்று ஐந்தாறு வரி போதும். மதிப்பெண்ணையும் தன்விவரக் குறிப்பையும் இணைப்பில் வையுங்கள். 60 பேர் வேண்டாம். கட்டுரையை உண்மையிலேயே படித்து முடித்த எட்டுப் பேருக்கு எழுதுங்கள்.

நாட்டுக்கு நாடு நடைமுறை வேறுபடும் என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் துறையின் சேர்க்கைக் குழுதான் முடிவு செய்யும். டிசம்பரை ஒட்டி விண்ணப்பக் கெடு முடியும். மேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ.யின் மதிப்பெண்ணைப் பல துறைகள் இப்போது கேட்பதேயில்லை. கேட்காத இடத்துக்காகத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டாம். ஜெர்மனியில் பி.எச்.டி. பெரும்பாலும் ஒரு வேலைக்கான அறிவிப்பாகவே வெளியாகும், அதில் டி.வி.எல். என்னும் மாநில அரசு ஊதிய அட்டவணையின் 13ஆம் நிலையில் பாதி, முக்கால் என்று பங்கு குறிக்கப்பட்டிருக்கும். மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களின் ஆய்வுப் பள்ளிகளுக்குத் தனி விண்ணப்பம் உண்டு.

உதவித்தொகையுடன் அமெரிக்காவிலிருந்து இடம் வந்து, உடனே பதில் சொல்லுங்கள் என்று நெருக்கினால் பதறாதீர்கள். ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க மாணவருக்கு அவகாசம் தருவதாக அந்நாட்டு மேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பில் பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுள்ளன. உங்களுக்கு இடம் தந்த பல்கலைக்கழகம் அப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பணிவாக அதைச் சுட்டிக்காட்டி அவகாசம் கேட்கலாம்.

பரிந்துரைக் கடிதத்தை நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார் எங்கள் துறைத் தலைவர். என்ன செய்வது?
— மாணவர், கோயம்புத்தூர்

நம் கல்லூரிகளில் இது ஊரறிந்த வழக்கம். மாணவரே எழுதும் கடிதங்கள் மூன்றும் ஒரே நடையில், விண்ணப்பத்தோடு மாணவர் தரும் நோக்க அறிக்கையின் சொற்களையே திருப்பிச் சொல்வது, படிக்கும் குழுவுக்குத் தெரிந்துவிடும். துறைத் தலைவர் என்ற பதவிக்காக அவரிடம் போகாமல், உங்கள் புராஜெக்ட்டைப் பக்கத்தில் நின்று பார்த்த உதவிப் பேராசிரியரிடம் கேளுங்கள். அவருக்கும் நேரமில்லை என்றால், கடிதத்தை எழுதித் தராமல் குறிப்புகளை மட்டும் தாருங்கள்: எந்தச் செமஸ்டரில் எந்தப் பாடம், ஆய்வகத்தில் எது உடைந்தது, அதை நீங்கள் எப்படிச் சரிசெய்தீர்கள், அவர் உங்களைத் திட்டியது எதற்காக. இவற்றை வைத்து அவர் எழுதும் அரைப் பக்கம், நீங்களே உங்களைப் புகழ்ந்து எழுதும் இரண்டு பக்கத்தைவிட மேல். கடிதம் பதிவேற்றும் இணைப்பு அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகும். கல்லூரி முகவரியைக் கொடுங்கள். ஜிமெயில் முகவரியை ஏற்காத இடங்கள் உண்டு. கல்லூரி முகவரியை அவர் திறந்தே பல மாதம் ஆகியிருக்கவும் கூடும் என்பதால், பக்கத்தில் இருந்து ஒருமுறை திறக்கச் செய்துவிடுங்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் பொதுப் பட்டம் முடித்திருக்கிறேன். வெளிநாட்டில் முதுநிலை படிக்க இது போதுமா?
— வாசகி, சாவகச்சேரி

பிரிட்டனில் பல இடங்களில் போதும்; அங்கே இளநிலைப் படிப்பே பெரும்பாலும் மூன்றாண்டுதான், முதுநிலை பெரும்பாலும் ஓராண்டு. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டம் கேட்கும். நீங்கள் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் முடித்திருந்தால் இந்தத் தடை இராது. ஒவ்வொரு துறைக்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள். பிரிட்டனுக்கென்றால் காமன்வெல்த் உதவித்தொகையைப் பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். இந்தியாவில் படிக்க விருப்பமிருந்தால் கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயம் ஆண்டுதோறும் உதவித்தொகைக்கு விண்ணப்பம் கோருகிறது.

சான்றிதழ்களில் பெயருக்குப் பின்னால் இனிஷியல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. விண்ணப்பத்தில் இது சிக்கலாகுமா?
— மாணவர், நாகர்கோவில்

சிக்கலாகும், எனக்கே ஆனது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவருக்கு அமெரிக்க விசாவில், இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யூ. என்று அச்சிடுகிறார்கள். நான் படித்த இடத்தில் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், நூலக அட்டை எல்லாவற்றிலும் அந்த மூன்றெழுத்தே என் பெயராயிற்று. முதல் வாரம் வருகைப் பதிவு எடுத்த ஆசிரியர் 'ஃப்னூ' என்று அழைத்தபோது அது நான்தான் என்று எனக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது.

தேர்வுகளுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். இனிஷியலை விரித்துத் தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ குடும்பப் பெயர் இடத்தில் போடுவதுதான் நம் ஊர் வழக்கம். அதன்பின் டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ்., விண்ணப்பம், அமெரிக்கப் பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவம் அனைத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு இருப்பதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். இரு பெயரும் ஒருவருடையவையே என்று நோட்டரி முன் எடுத்த ஒரு பிரமாணப் பத்திரத்தைக் கோப்பின் முதல் தாளாக வைத்துக்கொள்ளுங்கள்.