பஃபே தட்டில் கலோரிக் கணக்கு: கேள்வியும் பதிலும்

வீட்டுச் சமையலை அளந்து சாப்பிடப் பழகியவர்கள்கூடப் பஃபே விருந்தில் தடுமாறிப் போகிறார்கள். மருத்துவமனை உணவியல் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், இது பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பேச்சில் நாம் கலோரி என்று சொல்வது கிலோகலோரியைத்தான். கீழே வருவனவும் அதே பொருளில்தான் வருகின்றன. உணவுகளுக்கு நான் தரும் எண்கள் சமையலுக்குச் சமையல் மாறக்கூடிய தோராய அளவுகள்.

கேள்வி: வீட்டில் சோற்றைக்கூடத் தராசில் வைத்துத்தான் சாப்பிடுகிறேன். மாதம் ஒருமுறை அலுவலக நண்பர்களோடு பஃபே மதிய உணவுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஐம்பது, அறுபது வகை இருக்கும் இடத்தில் எதை, எப்படி அளப்பது?

பதில்: எல்லாவற்றையும் அளக்க முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள்; எதை அளந்தால் பிழை குறையும் என்று மட்டும் பாருங்கள். பஃபேயில் இருப்பவற்றை நான் மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். இட்லி, மெதுவடை, பட்டர் நான், குலாப் ஜாமூன் போன்றவை எண்ணக்கூடியவை: சிறிய இட்லிக்கு 40 முதல் 50, மெதுவடைக்கு 130 முதல் 150, பட்டர் நானுக்கு 300, குலாப் ஜாமூனுக்கு 150 என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறு நேராது. சோறு, பிரியாணி, பருப்பு, குழம்பு ஆகியவை கரண்டியால் அளக்கக்கூடியவை. மூன்றாவது, சமைக்கும்போதே உள்ளே போய்விட்ட எண்ணெய், வெண்ணெய், கிரீம், முந்திரி விழுது. கணக்கு பெரும்பாலும் கவிழ்வது இந்த மூன்றாவதில்தான். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுக் குழிக்கரண்டியை ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் 65 கிராம் பிடித்தது. அதே கரண்டியால் சோற்றைக் கோபுரமாக அள்ளியபோது 95 கிராம் வந்தது. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி என்பதால், குவித்து எடுத்த அந்த ஒரு கரண்டியே 120 கலோரியைத் தாண்டிவிடுகிறது. நீங்களும் உங்கள் வீட்டுக் கரண்டியை இப்படி ஒருமுறை எடைபோட்டு, அதன் குழியைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால், விடுதியின் கரண்டி அதைப்போல ஒன்றரை மடங்கா, இரண்டு மடங்கா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம். கரண்டி பிடிபடாவிட்டால், மூடிய கைமுட்டி அளவுச் சோற்றுக்கு 200 கலோரி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு குழம்பில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதைச் சாப்பிடாமலே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: ஓரளவுக்கு உண்டு. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்பு 9 கலோரி தரும். 15 மில்லி எண்ணெய் வயிற்றில் இடமே பிடிக்காமல் 120 கலோரியைச் சேர்த்துவிடும், அதாவது மேலே சொன்ன அந்தக் கோபுரக் கரண்டிச் சோற்றுக்குச் சமம். சோற்றை ஒரு பிடி குறைத்துவிட்டுக் கோழிக் குழம்பின் மேலாக நிற்கும் சிவந்த எண்ணெயை அள்ளி ஊற்றிக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துடிக்கும்.

அடியில் சுடர் எரியும் மூடி போட்ட பாத்திரங்களில் குழம்பு நெடுநேரம் சூட்டிலேயே இருப்பதால் எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிடுகிறது. கரண்டியை மேலாக ஓட்டி எடுத்தால் எண்ணெய்தான் வரும். ஓரமாக அடிவரைக்கும் இறக்கி, காயையோ கறியையோ எடுத்து, பாத்திரத்தின் விளிம்பில் ஒரு கணம் சாய்த்துப் பிடித்தால் பாதி வடிந்துவிடும். தட்டை மேசையில் வைத்த பிறகு ஒரு பக்கம் இலேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் மஞ்சளாக ஓடி வந்து தேங்கும் எண்ணெயை அங்கேயே விட்டுவிட்டு மீதியைச் சாப்பிடலாம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் எண்ணெயைவிடத் தெரியாத கொழுப்புதான் அதிகம் ஏமாற்றும். பனீர் பட்டர் மசாலா, நவரத்தின குருமா, வெள்ளைக் குருமா வகைகளில் கிரீமும் முந்திரி விழுதும் குழம்போடு ஒன்றாகக் கலந்துவிடுவதால் மேலே எதுவும் மிதக்காது, நாக்கிலும் எண்ணெய்ப் பிசுக்குத் தட்டாது. பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும் அந்தக் குழம்பு 100 கிராமுக்கு 200 கலோரியை எட்டும். சாம்பார் அதே அளவுக்கு 50 முதல் 70 வரை, ரசம் 20 முதல் 30 வரை. நிறம் வெளிறி, கரண்டியிலிருந்து மெதுவாக விழும் குழம்பு எதுவானாலும் அதைக் கொழுப்புக் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: செயலியில் பதிந்து பார்த்தால் எனக்குப் பஃபே உணவு 900 கலோரிதான் காட்டுகிறது. ஆனாலும் எடை குறையவில்லை. ஒரு தட்டைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

பதில்: நீங்கள் எழுதி அனுப்பிய பட்டியலையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கிண்ணம் கிரீம் சூப் 100, சிக்கன் டிக்கா நான்கு துண்டு 200, பிரியாணி இரண்டு கரண்டி 360, பனீர் பட்டர் மசாலா ஒரு சிறு கரண்டி 130, பாதி பட்டர் நான் 150, பருப்பு 70, தயிர்ப் பச்சடி 40, ஒரு குலாப் ஜாமூன் 150, அதன் மேல் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் 120. கூட்டினால் 1320 வருகிறது. வெளியுணவுக்கு நான் எப்போதும் இதன் மேல் கால் பங்கு சேர்த்துவிடுவேன், ஏனென்றால் நாம் மறப்பதெல்லாம் ஒரே திசையில்தான் மறக்கிறோம். சாப்பிடாததைச் சாப்பிட்டதாக எழுதுகிறவர் யாரும் இல்லை. அப்படிச் சேர்த்தால் 1650. உடலுழைப்பு அதிகம் இல்லாத, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு முழு நாளைக்குத் தேவை 1660 கலோரி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்தன. ஆக, ஒரு நாள் முழுவதற்குமான உணவு அந்த ஒரே வேளையில் முடிந்துவிட்டது.

நீங்கள் பொய் எழுதினீர்கள் என்று நான் சொல்லவில்லை. 1992இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில், குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று உறுதியாகச் சொன்னவர்களின் உண்மையான உட்கொள்ளலை அளந்து பார்த்தபோது, அவர்கள் உணவைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தது தெரிந்தது. செயலியின் மேல் முழுப் பழியையும் போடவும் முடியாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு உணவுச் சத்து அட்டவணை போன்றவை பெரும்பாலும் சமைக்காத பொருள்களுக்கே அளவு தருகின்றன. பிரியாணி என்று நீங்கள் தட்டச்சு செய்யும்போது செயலி காட்டுவது யாரோ ஒருவருடைய பிரியாணி. படம் எடுத்துக் கணக்கிடும் வசதிக்கும் அரிசிக்குள் இருக்கும் நெய் தெரியாது.

கேள்வி: சிறிய தட்டை எடுத்தால் குறைவாகச் சாப்பிடுவோம் என்கிறார்களே, உண்மைதானா?

பதில்: நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் அறிவுரை சொன்னேன். தட்டின் அளவு, பஃபே விலை, உட்காரும் இடம் பற்றியெல்லாம் பரபரப்பாகப் பேசப்பட்ட ஆய்வுகள் பல அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க்கின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. 2018இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஜாமா குழும இதழ்கள் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றன. ஆய்வு நெறி மீறல் நடந்ததாகப் பல்கலைக்கழகமும் கண்டறிந்தது, அவரும் பதவி விலகினார். பீட்சா பஃபே பற்றிய அவருடைய கட்டுரைகள்தாம் முதலில் சந்தேகத்துக்கு உள்ளாயின. சிறிய தட்டை எடுப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அதை நம்பி நான்கு முறை எழுந்து போனால் பயனும் இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. 1981இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் குழுவினர் நடத்திய சோதனையில், ஒரே வகை சாண்ட்விச்சை உண்டவர்களைவிட, நான்கு வகை சாண்ட்விச் தரப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம் உண்டார்கள். ஒரு சுவை தெவிட்டினாலும் அடுத்த சுவைக்கு நாக்கு தயாராகவே இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டவர் பாயசத்துக்கு மட்டும் இடம் கண்டுபிடிப்பதை நாம் எல்லாப் பந்தியிலும் பார்க்கிறோமே, அதுதான். எனவே தட்டின் அளவைக் குறைப்பதைவிட வகைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். தட்டை எடுக்காமல் ஒருமுறை முழுவதும் சுற்றி வந்து, வீட்டில் கிடைக்காத நான்கைந்தைத் தேர்ந்தெடுங்கள். எழுதுவதற்கும் நான்கைந்துதான் இருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 58. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறேன். மதியம் பஃபே என்றால் காலை உணவைத் தவிர்த்துவிடலாமா?

பதில்: கூடாது, ஐயா. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மாத்திரையின் நேரத்தையோ அளவையோ நீங்களாக மாற்ற வேண்டாம். முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அன்றைக்குக் கலோரியைவிட மாவுச்சத்தைக் கவனிப்பதே உங்களுக்கு முக்கியம்: பிரியாணி, நான், இனிப்பு ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மீன், கோழி, காய்களால் தட்டை நிரப்புங்கள். நோய் இல்லாதவர்களும் பட்டினி கிடந்து போக வேண்டாம். காலையில் இரண்டு இட்லி, சாம்பார் சாப்பிட்டவர் முதல் சுற்றில் காட்டும் நிதானம் வெறும் வயிற்றோடு வந்தவருக்கு வராது.

கேள்வி: மேசையிலேயே கம்பியில் கோத்து வறுத்துத் தரும் பஃபேயில் பரிமாறுகிறவர் வந்து வைத்துக்கொண்டே இருக்கிறார். எத்தனை சாப்பிட்டேன் என்பதே மறந்துவிடுகிறது.

பதில்: எலும்பு, பல்குச்சி, இறால் வால் எல்லாவற்றையும் தட்டின் ஓரத்திலேயே வைத்திருங்கள், தட்டை மாற்ற வந்தால் கொடுக்காதீர்கள். கோழித் துண்டுக்கு 50, பனீர்த் துண்டுக்கு 80 முதல் 90 என்று பிறகு எண்ணிக்கொள்ளலாம். மேசையில் சிறு கொடி வைத்திருந்தால், உங்களுக்குப் போதும் என்றானதும் அதை இறக்கிவிடுங்கள், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: சாலட் பகுதியில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் அல்லவா?

பதில்: வெள்ளரி, தக்காளி, தர்பூசணி என்றால் தாராளமாக எடுக்கலாம். மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டி 90 கலோரிக்கு மேல். அதில் புரட்டிய உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் சாலட் என்ற பெயரில் அதே வரிசையில்தான் நிற்கின்றன. வரவேற்பு பானத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: விடுதிகள் கலோரி அளவை எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்களும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய உரிமம் பெற்றவையும் உணவுப் பட்டியலில் ஒரு பரிமாறலுக்கான கலோரியைக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. திருமண விருந்து போன்ற நிகழ்ச்சிகளுக்குச் சமைப்பவர்களுக்கு அது பொருந்தாது. பஃபேயில் அந்த எண் எழுதியிருந்தாலும், நீங்கள் எடுத்தது எத்தனை பரிமாறல் என்பதை உங்கள் கரண்டிதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஞாயிறு பஃபே சாப்பிட்டேன், திங்கள் காலை எடை 1.8 கிலோ கூடியிருந்தது. ஒரு மாத உழைப்பு போய்விட்டதா?

பதில்: போகவில்லை. ஒரு கிலோ கொழுப்பு சேரத் தோராயமாக 7700 கலோரி மிகுதியாக வேண்டும், 1.8 கிலோவுக்கு ஏறக்குறைய 14,000. எந்தப் பஃபேயிலும் ஒரே வேளையில் அவ்வளவு சாப்பிட முடியாது. உப்பு மிகுந்த உணவு உடலில் நீரைத் தேக்குகிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் மாவுச்சத்தான கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குடலில் இருக்கும் உணவின் எடை வேறு. வழக்கம்போல் சாப்பிட்டு, வியாழன் காலையில் எடை பாருங்கள். திங்களன்று பட்டினி கிடக்க வேண்டாம்.

கேள்வி: ஆளுக்கு 1200 ரூபாய் கொடுத்துவிட்டுக் கொஞ்சமாகச் சாப்பிட்டு வர மனம் வரவில்லை, மேடம்.

பதில்: என் கணவரும் இதையே சொல்வார். நீங்கள் மூன்றாவது தட்டைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த 1200 திரும்பி வராது. அந்தப் பணத்துக்கு நல்ல இறாலாக எடுத்துக்கொள்ளுங்கள், நூடுல்ஸை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கணக்குப் போட முடியாது என்ற பயத்தில் ஒரு வருடமாக எந்த விருந்துக்கும் போகவில்லை. அடுத்த மாதம் தங்கையின் திருமணம். வரவேற்பில் பஃபேதான். என்ன செய்வது?

பதில்: உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலே நான் எழுதிய கரண்டி, கால் பங்கு எதுவும் உங்களுக்கு வேண்டாம், அம்மா. கலோரிக் குறிப்பு ஒரு கருவி. அதற்குப் பயந்து உறவினரைப் பார்ப்பதையே நிறுத்துகிற நிலை வந்தால், உணவியல் நிபுணரைவிட மனநல மருத்துவரிடம் பேசுவதுதான் உதவும், திருமணத்துக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருமணத்தன்று செயலியைத் திறக்காமல், தங்கையின் பக்கத்தில் நின்று, பசிக்கும்போது பசிக்கிற அளவு சாப்பிடுங்கள். அந்தத் தேதிக்கு நேரே ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்று கை பரபரத்தால், எண்ணுக்குப் பதிலாகத் "தங்கை திருமணம்" என்று எழுதி வையுங்கள்.