மெயினை இறக்கிவிட்டுக் கேளுங்கள்

முப்பத்திரண்டு வருடம் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டினேன். இப்போது பட்டறையை மூடிவிட்டு, கும்பகோணத்துக்குத் தெற்கே அரசலாற்றங்கரையில் வீட்டோடு இருக்கிறேன். கெட்டுப்போன சாமான் எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அவை வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன், கோபிக்க வேண்டாம்.

பாபநாசம்: அண்ணே, சீலிங் ஃபேன் முழு வேகத்தில் வைத்தாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. புதுசு வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள். முதலில் அணைத்துவிட்டு, இறக்கையை ஒரு கம்பால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். தாராளமாக நாலைந்து சுற்று ஓடி நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரவென்று உடனே நின்றால் பேரிங் போய்விட்டது, அது பட்டறை வேலை. நன்றாக ஓடினால் பத்துக்கு ஒன்பது தடவை கெப்பாசிட்டர்தான் குற்றவாளி. மேலே கிண்ணம் மாதிரி இருக்கும் மூடிக்குள் இருக்கும். பெரும்பாலான ஃபேனில் 2.5 மைக்ரோஃபாரட். பழசின் மேலேயே அச்சடித்திருக்கும், அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். காலம் போகப் போக அதன் கொள்ளளவு குறையும், ஃபேனின் வேகமும் கூடவே குறையும். அளவு பெரிசாகப் போட்டால் இன்னும் வேகமாகச் சுற்றும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். காயில் சூடாகி எரிந்த ஃபேன்களை நான் நிறையக் கட்டியிருக்கிறேன்.

இந்த வேலைக்கு ஏறும் முன் சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினை இறக்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் சுவிட்சை ஃபேஸில் (கரண்ட் வரும் ஒயரில்) போடாமல் நியூட்ரலில் (திரும்பும் ஒயரில்) போட்டிருப்பார்கள். சுவிட்ச் அணைந்திருக்கும், ஃபேன் நிற்கும், ஒயரில் மட்டும் கரண்ட் இருக்கும். கையை வைத்தால்தான் தெரியும்.

திருவாரூர்: இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். ஊற்றும்போது பக்கத்தில் சாம்பிராணி, விளக்கு, பீடி எதுவும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.

வலங்கைமான்: சாயங்காலமானால் ஃபில்டர் பாயின்ட்டில் (ஆழமில்லாத குழாய்க் கிணற்றில்) போட்ட சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் பம்ப் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, ஓடவில்லை. காலையில் நன்றாக ஓடுகிறது.

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. காலையில் ஓடுவது சாயங்காலம் ஓடவில்லை என்றால் மோட்டாரைச் சந்தேகப்படாதீர்கள், வோல்டேஜைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளில் எல்லாரும் லைட்டும் டிவியும் போடும் நேரத்தில் 180 வரைகூட இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். 230-க்குப் பதில் 180 வந்தால் பலம் ஐந்தில் ஒரு பங்குதானே குறையும் என்று தோன்றும். அப்படியில்லை. மோட்டாரின் திருகு பலம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், 180-இல் கிடைப்பது அறுபது சதவீதம்தான். மேலே தண்ணீர் நிற்கும் பைப்பைத் தள்ளிக் கிளம்ப அது போதாது. முனகிக்கொண்டே நிற்கும் மோட்டார் கரண்டை மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் காயில் கருகும். முனகல் கேட்டால் உடனே அணையுங்கள்.

வோல்டேஜ் சரியாக இருக்கும் நேரத்திலும் முனகினால் பேனல் பெட்டியில் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். மெயினை இறக்கிவிட்டு.

மன்னார்குடி: மாமா, மார்கழியில் இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. ஓவனுக்குள் வைத்து லைட்டைப் போட்டாலும் பிரயோஜனமில்லை.

அம்மா, உங்கள் ஓவனில் என்ன பல்பு? எல்.இ.டி.யாக இருந்தால் பிரயோஜனமிருக்காது. அந்த யோசனையே குண்டு பல்பு காலத்தது. 40 வாட் குண்டு பல்பு எரித்ததில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகத்தான் போனது, வெளிச்சம் கொஞ்சம்தான். இதை நானும் போன வருடம்தான் கண்டுபிடித்தேன், இரண்டு நாள் புளிக்காத மாவை முறைத்துப் பார்த்த பிறகு.

இப்போது எங்கள் வீட்டில் செய்வது இது. மீன்காரர் தூக்கிப் போட்ட தெர்மாகோல் பெட்டி ஒன்று. கழுவி வெயிலில் ஒரு வாரம் காயவைத்தேன் (நாலு நாள் போதும் என்று நினைத்து ஒருமுறை மாவு வஞ்சிர மணத்தோடு வந்தது). அதில் மாவுப் பாத்திரம், பக்கத்தில் கைபொறுக்கும் சூட்டில் ஒரு செம்பு வெந்நீர், மூடி. வெளியே 22 டிகிரி இருந்த ராத்திரியில் பெட்டிக்குள் 30-ஐ ஒட்டி நின்றது. காலையில் மாவு மூடியைத் தூக்கியிருந்தது.

இன்னொன்று. மிக்சியில் அரைத்தால் மாவு சூடேறும், உளுந்து பொங்காது. குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரையுங்கள்.

பட்டுக்கோட்டை: ஃபேன் மெதுவாக ஓடுகிறது சார்.

முதல் பதிலைப் படியுங்கள்.

மயிலாடுதுறை: செல்போன் பேட்டரி உப்பியிருக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாமா?

இறக்கக் கூடாது! தீப்பிடிக்கும். சார்ஜ் போடாமல் கடையில் கொடுங்கள். செல்போன் என் துறையே இல்லை, ஆனால் இதை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை.

கும்பகோணம்: பாட்டியின் ஈயச் சொம்பு. ரசம் வைத்துவிட்டு மறந்துவிட்டேன், அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. உங்களிடம் சால்டரிங் அயர்ன் இருக்குமே, அடைத்துத் தருவீர்களா?

மாட்டேன். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன்.

ஈயச் சொம்பு செய்வது வெள்ளீயத்தில். அது 232 டிகிரியில் உருகும். கேஸ் அடுப்பின் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. உள்ளே ரசம் இருக்கும் வரை சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, பாத்திரம் நூறை ஒட்டியே நிற்கிறது. வற்றிய அடுத்த நிமிடம் அடி வெல்லப்பாகு மாதிரி இளகும். அதனால் ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும், தீ பக்கவாட்டில் ஏறக்கூடாது. தாளிப்பதைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டுங்கள், எண்ணெயின் சூடு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது என் தப்பு. 1987-இல் அம்மாவின் சொம்பில் ஊசிமுனை ஓட்டை. பட்டறையில் இருந்த சால்டரிங் கம்பியால் பளபளவென்று அடைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் அந்த ரசத்தைச் சாப்பிட்டோம். பிறகுதான் கம்பிச் சுருளின் அட்டையைப் படித்தேன். 60/40. வெள்ளீயம் 60, விஷமான காரீயம் 40. புளி ரசம் வேறு. அன்றைக்கே சொம்பைத் தூக்கி எடைக்குப் போட்டோம். ஆகவே உங்கள் சொம்பை, பாத்திரம் வார்க்கும் கன்னார் யாராவது தெரிந்தால் உருக்கி வார்க்கக் கொடுங்கள். என்னைப் போன்ற எலெக்ட்ரீஷியனிடம் கொடுக்காதீர்கள்.

தஞ்சாவூர்: ஈயம் விஷம் என்று உலகமே சொல்கிறது. நீங்கள் அதில் ரசம் வைக்கச் சொல்லித் தருகிறீர்களே!

ஐயா, இது நம் மொழி செய்த குழப்பம். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவினவருக்கு இரண்டும் ஈயம்தான். விஷம் காரீயம். சொம்பு வெள்ளீயம். கறுப்பு வெளுப்பு என்று பேரிலேயே வித்தியாசம் இருக்கிறது, முன்பாதியை நாம் முழுங்கிவிட்டோம். ஆனால் உங்கள் பயத்தில் பாதி நியாயம் உண்டு. காரீயம் மலிவு, வெள்ளீயம் விலை அதிகம். கலப்படம் செய்ய ஆசை வரும் இடம் அது. குழந்தைகளுக்குக் காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நாச்சியார்கோயில்: நாங்கள் விளக்கு வார்க்கிற குடும்பம். நல்ல ஈயமா என்று பார்க்க எங்களுக்குத் தராசு வேண்டாம். கட்டியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று சத்தம் வரும். காரீயம் ஊமை.

உண்மை, அருமையான சோதனை. வெள்ளீயத்தின் படிகங்கள் மடங்கும் சத்தம் அது. ஆனால் கட்டிக்குத்தான் சரிவரும். வாசகர் வாங்கி வந்த சொம்பைக் காதருகே வைத்து எப்படி வளைப்பார்?

நாச்சியார்கோயில் (மறுபடியும்): வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்க்கட்டும். காரீயம் பென்சில் மாதிரி கோடு போடும்.

போடும். பத்தில் ஒரு பங்கு கலந்திருந்தால் போடுமா? எனக்கு நம்பிக்கையில்லை. நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சமையலறை டிஜிட்டல் தராசை எடுத்தேன். இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் ஈயச் சொம்பை நிறுத்தேன், 438 கிராம். அடுத்து தராசின் மேல் பெரிய கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்து, அளவைப் பூஜ்யமாக்கினேன். சொம்பை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட்டேன். அடியைத் தொடக்கூடாது, பக்கத்தையும் தொடக்கூடாது. தராசு 60 காட்டியது. சொம்பு விலக்கிய தண்ணீரின் எடை அது. 438-ஐ 60-ஆல் வகுத்தால் 7.3. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3-தான். முழுக் காரீயமாக இருந்தால் அடர்த்தி 11.3, தராசு 39-ஐத் தாண்டியிருக்காது.

தஞ்சாவூர்: அப்படியானால் 7.3 வந்தால் சுத்தம் என்று எழுதிக் கொடுப்பீர்களா?

கொடுக்க மாட்டேன். நூற்றில் பத்து காரீயம் கலந்தால் என் சொம்பின் அளவுக்கு 60-க்குப் பதில் 58 வரும். ஒரு கிராம் கணக்கில் காட்டும் தராசில் இரண்டு கிராம் வித்தியாசத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. போதாததற்கு, சொம்பின் கழுத்து வளைவில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் விலகும் தண்ணீர் கூடும், கலப்படச் சொம்புகூட நல்ல சொம்பு மாதிரி காட்டும். முதல் தடவை எனக்கு 66 வந்தது அதனால்தான். சாய்த்து, குலுக்கி, உள்ளே தண்ணீர் நிரப்பி, மூன்று தடவை செய்யுங்கள். 8-க்கு மேல் வந்தால் அந்தச் சொம்பில் பூ வையுங்கள், ரசம் வைக்காதீர்கள். 7.3 வந்தால் பெரிய மோசடி இல்லை என்று மட்டும் அர்த்தம். முழு நிச்சயம் வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

திருவிடைமருதூர்: எங்கள் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் இதேதானா?

அதேதான். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தொட்டுத் துணியால் இழுப்பார்கள். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் புளி சேர்த்தது எதையும் அதில் வைக்காதீர்கள், களிம்பு ஏறும். பூசுபவர் கையில் இருக்கும் கம்பி என்ன ஈயம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

திருத்துறைப்பூண்டி: குழந்தை இரண்டு வருடமாகச் சந்தேகமான சொம்பு ரசம்தான் சாப்பிடுகிறது. என்ன செய்வது?

இது எனக்கான கேள்வி இல்லை, அம்மா. அந்தச் சொம்பில் ரசம் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கச் சோதனை உண்டு, குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

நீடாமங்கலம்: ரசம் போதும். கும்பகோணம் கடப்பா எப்படி வைப்பது?

என் மனைவி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை உதிர்த்துப் போட வேண்டும். தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. வெங்காயம், தக்காளி, பட்டை, கிராம்பு தாளிப்பில். மிளகாய்த்தூள் போட்டால் அது குருமா என்கிறாள். கடப்பா ஆறினால் இறுகும், பரிமாறும் முன் வெந்நீர் விட்டு இளக்குங்கள்.

பேராவூரணி: ஃபேன் மெதுவாக…

2.5 மைக்ரோஃபாரட். மெயினை இறக்கிவிட்டு.

நாச்சியார்கோயில் (மூன்றாம் தடவை): உங்கள் தண்ணீர்க் கணக்கை எங்கள் பட்டறைக் கட்டியில் செய்து பார்த்தோம். 7.2 வந்தது. காதுக்கும் தராசுக்கும் சண்டையில்லை.

நல்லது. கட்டியில் கழுத்து வளைவு இல்லை, குமிழி தொல்லையும் இல்லை. அடுத்து பழைய சொம்பு ஒன்றை உருக்கும் முன் அளந்து சொல்லுங்கள், வார்த்த பிறகும் சொல்லுங்கள். நான் இப்போது அளக்க முடியாது. கடப்பாவுக்குப் பருப்பு நிறுக்க வேண்டும் என்று தராசு சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டது.